முதுகில் ஓடிய இன்ஜின்

எங்கள் ஊரில் என் மனைவியை அவசரக்காரி என்கிறார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் சொன்னார்கள். பதினாறாம் நாள் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவர்கள் சொன்னார்கள். டீக்கடையில் பேச்சு வந்தால் இப்போதும் சொல்கிறார்கள். "நல்ல பொம்பள. கொஞ்சம் அவசரப்பட்டுடுச்சு, என்ன பண்றது." நானும் பெஞ்சில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வருஷம் ஆட்டினேன். அவள் அவசரக்காரி இல்லை. அவசரக்காரன் நான். உண்மையைச் சொன்னால் என் ஒரே மகள் என்னை விட்டுப் போய்விடுவாள் என்ற பயத்தில் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன், அவ்வளவுதான் விஷயம்.

செந்துறைக்குக் கிழக்கே எங்கள் ஊர். சுற்றிலும் முந்திரிதான். தையில் பூ எடுக்கும், மாசி கடைசியில் பழம் விழ ஆரம்பிக்கும். அதற்குள் மரத்தடியைச் சுத்தம் செய்துவிட வேண்டும். புல்லும் முள்ளும் மண்டிக் கிடந்தால் விழுகிற கொட்டை கண்ணுக்குத் தெரியாது, பாதி மண்ணோடு மண்ணாகப் போய்விடும். அந்த ஒரு மாசத்தில் எல்லாத் தோப்புக்காரனுக்கும் ஒரே நேரத்தில் வேலை ஆக வேண்டும். ஆள் கிடைக்காது. அதனால்தான் நான் புல் வெட்டுகிற மிஷின் வாங்கினேன்.

தோளில் தொங்கவிடுகிற மாதிரி இல்லை அது. இன்ஜினையே ஸ்கூல் பை போல முதுகில் மாட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு தோளுக்கும் பட்டை, நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு கிளிப், இடுப்புக்கு ஒரு கிளிப். இன்ஜினுக்கு அடியில் பெட்ரோல் டேங்க், பக்கத்திலேயே சைலன்சர். அங்கிருந்து ஒரு குழாய் முன்னால் வந்து கைப்பிடியாகி, நுனியில் பிளேடு சுற்றும். நான் முன்னால் பார்த்துக்கொண்டு வெட்டுவேன். முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது.

அரியலூரில் விற்ற கடைக்காரர் நல்ல மனுஷன். கால் மணி நேரம் நின்று சொல்லிக் கொடுத்தார். "பெட்ரோல் ஊத்துறதுக்கு முன்னாடி இன்ஜினை நிறுத்துங்க. கீழ இறக்கி மண்ணுல வைங்க. பத்து நிமிஷம் ஆறட்டும். அப்பறம் புனல் வெச்சு ஊத்துங்க, டேங்க் முட்ட ஊத்தாதீங்க, சிந்துனா தொடைங்க. ஊத்துன எடத்துலயே ஸ்டார்ட் பண்ணாதீங்க, பத்தடி தள்ளிப் போயி இழுங்க." கூட வந்திருந்த என் மனைவி ஒவ்வொன்றுக்கும் உம் கொட்டினாள். நான் வெளியே பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கூடவே கொடுத்த புத்தகத்தில் தமிழ் இல்லை, படங்கள்தான். சைலன்சருக்குப் பக்கத்தில் ஒரு தீ ஜுவாலையை வரைந்து மேலே பெருக்கல் குறி போட்டிருந்தான். அந்தப் பக்கத்தை அவள் மடித்து வைத்திருந்தாள். எனக்குச் சிரிப்பாக இருந்தது.

பத்து நிமிஷம் ஆற வைப்பதாம். எங்கள் வெயிலில் பத்து நிமிஷத்தில் இல்லை, பொழுது சாயும்வரை வைத்தாலும் அது ஆறாது என்றேன். அதுகூடப் பொய்தான். விஷயம் வேறு. சூடாக இருக்கும்போது நிறுத்திவிட்டால் திரும்ப ஸ்டார்ட் ஆகாது அந்தச் சனியன். கயிற்றை இழுத்துக்கொண்டே கிடக்க வேண்டும். எனக்கு வலது தோள்பட்டை ஏற்கெனவே பழுது, பைக்கிலிருந்து விழுந்தது. பத்துத் தடவை இழுத்தால் அன்றைக்குச் சோற்றை இடது கையால்தான் சாப்பிட வேண்டும். அதோடு, கழற்றி வைத்துவிட்டுத் திரும்ப மாட்டுவது என்றால் அது ஒரு பாடு.

அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். நான் என்ன கண்டுபிடிப்பது, இந்தப் பக்கத்தில் முதுகு மிஷின் வைத்திருக்கிற பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். மிஷினை இறக்குவதில்லை, நிறுத்துவதும் இல்லை. ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு அப்படியே நின்றால் இன்ஜின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும். பொண்டாட்டி பின்னால் வந்து மூடியைத் திறந்து ஊற்றுவாள். ஊற்றி மூடியதும் முதுகில் ஒரு தட்டு தட்டுவாள். தட்டியதும் நான் நடக்க ஆரம்பித்துவிடுவேன். "காலையில மாட்டுனான்னா மத்தியானச் சோத்துக்குத்தான் எறக்குவான்" என்று தோப்புக்காரர்கள் என்னைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். அதைக் கேட்கக் கேட்க எனக்கு உச்சி குளிர்ந்து போகும்.

பங்க்கில் பாட்டிலில் பெட்ரோல் தர மாட்டார்கள். எங்களுக்கா வழி தெரியாது. பைக்கில் அடித்துக்கொண்டு வந்து, டியூபை உருவித் தண்ணீர் பாட்டிலில் பிடிப்போம். அதில் இன்ஜினுக்கான டூ-டி ஆயிலை ஊற்றிக் குலுக்கினால் தீர்ந்தது. பாட்டில் மூடியில் ஊசியைச் சுட்டு ஓர் ஓட்டை போட்டிருப்போம். புனல் வேண்டாம், பாட்டிலை அமுக்கினால் ஒரே நூலாக டேங்குக்குள் இறங்கும். அந்த ஓட்டை போட்டது அவள். சிந்தாமல் ஊற்ற வேண்டும் என்று அவளுக்கு இருந்த கவலை எனக்கு இல்லை.

ஒவ்வொரு தடவையும் கேட்பாள். பின்னால் வந்து நின்றதும், "ஆஃப் பண்ணுங்களேன்" என்பாள். கோபமாக இல்லை, சாப்பிட வாங்க என்று கூப்பிடுகிற குரலில்தான். நான் "ஊத்து புள்ள, கதை பேசாத" என்பேன். ஒரு நாளைக்கு ஐந்தாறு டேங்க். இரண்டு சீசன். எத்தனை தடவை கேட்டிருப்பாள் என்று இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.

அன்றைக்குத் தோப்பு எங்களுடையது இல்லை, பக்கத்து ஊர்க்காரருடையது. மத்தியானத்துக்குள் அதை முடித்துவிட்டு இன்னொரு தோப்புக்கு வருகிறேன் என்று வாய் கொடுத்திருந்தேன். இரண்டு பேரிடமும் ஒரே நாளில் ஒப்புக்கொள்வது என் புத்தி. பதினொரு மணி இருக்கும். மூன்றாவது டேங்க் தீர்ந்துகொண்டிருந்தது. கையைத் தூக்கினேன். அவள் வந்தாள். புடவைக்கு மேலே என் பழைய முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள், வேலைக்குப் போகிற பெண்கள் எல்லோரும் போடுவதுதான். புடவை நைலக்ஸ், சட்டென்று பற்றுகிற துணி.

"ஆஃப் பண்ணுங்களேன்" என்றாள்.

"ஊத்து."

ஊற்ற ஆரம்பித்தாள். மூடி ஓட்டையில் ஏதோ தூசி அடைத்திருக்க வேண்டும், பெட்ரோல் சொட்டுச் சொட்டாக இறங்கியது. நான் நின்றுகொண்டே இருந்தேன். கழுத்தில் வியர்வை, முதுகில் சூடு, கண்ணெதிரே பாதி வெட்டாத வரிசை. எனக்குப் பொறுக்கவில்லை. "என்ன தொட்டில் ஆட்டிக்கிட்டு இருக்க. மூடியக் கழட்டிட்டு ஊத்து" என்றேன். இதே வார்த்தைகள்தான். ஒன்று கூட்டிச் சொல்லவில்லை, குறைத்துச் சொல்லவில்லை.

கழற்றிவிட்டு ஊற்றினாள். சொன்ன பேச்சைக் கேட்டாள். நான் பொறுமை கெட்டு ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றேன். அந்த அசைவில்தான் சிந்தியிருக்க வேண்டும். பின்னால் புஸ் என்று ஒரு சத்தம். இடுப்பில் யாரோ கொதிக்கும் தண்ணீரை விட்டது போல இருந்தது.

அடுத்து நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். நெஞ்சு கிளிப்பைக் கழற்றினேன். இடுப்பு கிளிப்பைக் கழற்றினேன். தோளிலிருந்து பட்டையை உதறி மிஷினைக் கீழே தள்ளினேன். அப்புறம்தான் திரும்பிப் பார்த்தேன். அவள் சத்தம் போட்டிருந்தால் முன்னாடியே திரும்பியிருப்பேனோ என்னவோ. அவள் சத்தமே போடவில்லை. கையிலிருந்த பாட்டில் எரிந்துகொண்டிருந்தது, அதை எங்கே போடுவது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் முந்திரிச் சருகு. போட்டால் தோப்பு பற்றிக்கொள்ளும் என்று யோசித்தாளாம், பின்னால் சொன்னாள். யாருடைய தோப்பையோ காப்பாற்ற நினைத்து நின்றவளைத்தான் அவசரக்காரி என்கிறார்கள்.

அப்புறம் ஓடினாள். ஓட ஓடச் சட்டையும் புடவையும் பிடித்துக்கொண்டது. வண்டிப் பாதையில் அவளைப் பிடித்துத் தள்ளி, செம்மண்ணை இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் போட்டேன். அடுத்த தோப்பில் இருந்தவர்கள் நனைந்த சாக்கோடு ஓடி வந்தார்கள். பாதிப் பேர் அவளைப் பார்த்தார்கள், பாதிப் பேர் தழையை ஒடித்துச் சருகுத் தீயை அடித்தார்கள். நூற்றெட்டு ஆம்புலன்ஸ் வந்தது. அரியலூர் போய், அங்கிருந்து தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அங்கே போன பிறகுதான் எனக்கு இன்னொரு விஷயம் புரிந்தது. கல்யாணமான பெண் பெட்ரோலில் எரிந்து வந்தால் இந்த நாட்டில் யாரும் மிஷினை நினைப்பதில்லை. "எப்படி ஆச்சு" என்று கேட்ட ஒவ்வொருவரும் அவளைப் பார்த்துக் கேட்கவில்லை, என்னைப் பார்த்துத்தான் கேட்டார்கள். ஒரு பெண் போலீஸ் வந்து அவள் காதருகே குனிந்து, "பயப்படாம சொல்லும்மா, வூட்ல சண்டையா" என்றாள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. இருபத்திரண்டு வருஷமாக அவளை ஒரு அடி அடித்ததில்லை. அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை போல என்று இப்போது தோன்றுகிறது. அடித்திருந்தால் அவள் அண்ணன் வீட்டுக்குப் போயிருப்பாள், உயிரோடு இருந்திருப்பாள்.

அவள் அண்ணனுக்குக் குரும்பலூர். எங்கள் மகள் பெரம்பலூரில் காலேஜ் படிக்கிறாள், மாமா வீட்டிலிருந்துதான் போய்வருகிறாள். இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். மகள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். அழவில்லை. மச்சான் என் எதிரில் வந்து நின்றார். எப்போதும் வாங்க மாப்ள, போங்க மாப்ள என்பவர்.

"பெட்ரோல் எப்படி அவ மேல பட்டுது?"

"மிஷினுக்கு ஊத்தும்போது மச்சான்."

"ஊத்துனது யாரு?"

"அவதான்."

"நீ எங்க இருந்த?"

கல்யாணம் ஆனதிலிருந்து முதல் தடவையாக என்னை நீ என்றார்.   அந்த நேரத்தில் மாஜிஸ்திரேட் வந்துவிட்டார். எங்களை எல்லாம் வெளியே போகச் சொல்லிவிட்டு உள்ளே அவளிடம் வாக்குமூலம் எழுதினார்கள். கதவு மூடியிருந்த அந்த நேரம் முழுக்க மச்சான் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். மகளும் பார்த்தாள். உள்ளே அவள் என்ன சொல்கிறாளோ அதன்படி நான் ஜெயிலுக்குப் போவேனா, வீட்டுக்குப் போவேனா என்பதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. மகள் பார்த்த அந்தப் பார்வை மாறுமா மாறாதா, அது ஒன்றுதான் எனக்கு.

மாறியது. வெளியே வந்தவர்கள் என்னிடம் மரியாதையாகப் பேசினார்கள். மச்சான் தோளில் கை வைத்து, "மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க மாப்ள" என்றார். மகள் வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். என் கையிலும் கட்டு. தீயை அணைக்கப் போய்ப் பட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். இடுப்பில் இருந்த காயத்தையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்தார்கள்.

சாயங்காலம் என்னை உள்ளே விட்டார்கள். அவளுக்கு உதடு வீங்கிப் பேச்சு குழறியது. குனிந்து கேட்டேன்.

"மிஷின் ஆஃப் ஆயி கீழ இருந்துச்சுன்னு சொல்லிட்டேன். நீங்க தண்ணி குடிக்கப் போயிருந்தீங்க. நான்தான் அவசரப்பட்டு, ஆறுறதுக்குள்ள ஊத்திட்டேன். அப்படித்தான் எழுதியிருக்காங்க. நீங்க மாத்திப் பேசிடாதீங்க."

"ஏன்டி அப்படிச் சொன்ன?"

"அண்ணன் சும்மா விடாது. அப்பறம் பாப்பாவுக்கு யாரு இருக்கா?"

எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதாமல் விட்டால் மற்றதையெல்லாம் எழுதி ஒரு பிரயோஜனமும் இல்லை. என் பொண்டாட்டி என் கண்முன்னால் வெந்து கிடந்தாள், எனக்கு நெஞ்சில் ஒரு பாரம் இறங்கின மாதிரி நிம்மதியாக இருந்தது. "சரி" என்றேன். ஒன்பதாம் நாள் காலையில் அவள் போய்விட்டாள்.

அதற்கப்புறம் நான் அந்தக் கதையை எத்தனை பேருக்குச் சொன்னேன் என்று கணக்கில்லை. சொல்லச் சொல்ல மெருகு ஏறியது. தண்ணீர் குடிக்கப் போன இடத்தில் ஒரு பானையை வைத்தேன். பானைக்கு மேலே ஒரு வேப்பமரத்தை வைத்தேன். "பத்து நிமிஷம் பொறுடின்னு சொல்லிட்டுத்தான் போனேன்" என்றும் சேர்த்துக்கொண்டேன். அது அவள் வாக்குமூலத்தில்கூட இல்லை. நானாகச் சேர்த்தது. மகள் லீவுக்கு வரும்போதெல்லாம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, "அம்மா ஏம்ப்பா இப்படிப் பண்ணுச்சு, நீங்க சொன்னதக் கேட்டிருக்கலாம்ல" என்பாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டு "விதி பாப்பா" என்பேன்.

போலீஸ் எடுத்துப் போன எரிந்த மிஷினை நான் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அடுத்த தையில் கொடுவாளும் களைக்கொத்தும் எடுத்துக்கொண்டு கூலிக்குப் போனேன். நான் விட்ட வேலையை என் பங்காளி ஒருவன் பிடித்துக்கொண்டான். தம்பி முறை. கல்யாணமாகி மூன்று வருஷம்தான் ஆகிறது. அதே மாதிரி முதுகு மிஷின் வாங்கியிருந்தான். ஒரு நாள் நான் வேலை செய்த தோப்புக்கு அடுத்ததில் அவன் வெட்டிக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் காதில் விழாத மாதிரி என் பொழைப்பைப் பார்த்துக் குனிந்திருந்தேன்.

சத்தம் இறங்கியது. நிற்கவில்லை, இறங்கியது. அது என்ன சத்தம் என்று எனக்குத் தெரியாதா. நிமிர்ந்து பார்த்தேன். அவன் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். அவன் பொண்டாட்டி புடவைக்கு மேலே சட்டை போட்டுக்கொண்டு, கையில் தண்ணீர் பாட்டிலோடு சருகில் நடந்து வந்துகொண்டிருந்தாள்.

நான் எப்படி வேலியைத் தாண்டினேன் என்று தெரியாது. "ஆஃப் பண்ணுடா நாயே" என்று கத்திக்கொண்டு போய் அந்தப் பெண்ணின் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கினேன். அவள் மிரண்டு போனாள். அவன் மிஷினை ஆஃப் செய்யவில்லை. திரும்பி என்னைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தான்.

"அண்ணே, உங்க மனசு எனக்குத் தெரியும். ஆனா அண்ணி ஆஃப் பண்ணி, கீழ வெச்சுத்தானே ஊத்துச்சு. அப்பவும் புடிச்சுச்சுல்ல. பத்தணும்னா எப்படியும் பத்தும்ணே. அதுக்காக நான் எதுக்குக் கயித்த இழுத்து இழுத்துச் சாவணும்?"

அவன் பொண்டாட்டியும் சொன்னாள், எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு: "அக்கா பாவம், அவசரப்பட்டுடுச்சு மாமா. நான் நெதானமாத்தான் ஊத்துவேன். நீங்க பயப்படாதீங்க."

பாட்டிலுக்காகக் கையை நீட்டினாள்.

நான் பாட்டிலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். பெட்ரோல் நெடி மூக்கில் ஏறியது. கொடுத்துவிட்டு என் வேலையைப் பார்க்கப் போயிருக்கலாம். அப்படித்தான் முதலில் யோசித்தேன், அதையும் ஒளிக்கவில்லை. இந்தப் பெண்ணின் தங்கச்சி குரும்பலூரில்தான் வாக்கப்பட்டிருக்கிறாள். இங்கே நான் வாயைத் திறந்தால் விடிவதற்குள் மச்சான் வீட்டுக்கு எட்டும். என் மகளுக்கு எட்டும். ஆனால் அந்தக் கை நீட்டியபடியே இருந்தது. சட்டைக்கை நுனியில் வளையல் தெரிந்த கை.

"ஆஃப்ல இல்ல" என்றேன்.

"என்ன மாமா?"

"மிஷின் ஆஃப்ல இல்ல. ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. என் முதுகுலதான் இருந்துச்சு. அவ ஆஃப் பண்ணுங்கன்னா. நான்தான் ஊத்துன்னேன். மூடியக் கழட்டிட்டு ஊத்துன்னும் நான்தான் சொன்னேன். நான் தண்ணி குடிக்க எங்கயும் போவல."

இன்ஜின் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. அவன் என்னையே பார்த்தான். அப்புறம் கையைக் கொண்டுபோய் சுவிட்சை அணைத்தான்.  அவன் பொண்டாட்டி நெஞ்சு கிளிப்பைக் கழற்றிவிட்டாள். மிஷினை இறக்கி வைத்தார்கள்.

"இங்க வைக்காத, சருகு" என்றேன். காலால் சருகை ஒதுக்கி மண் தெரிகிற இடம் பண்ணிக் கொடுத்தேன். மூன்று பேரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அது ஆறுவதற்குக் காத்திருந்தோம்.  பத்து நிமிஷம் என்பது ஒன்றுமே இல்லை. ஒரு ஆள் வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரம்கூட இல்லை. ஆறிய பிறகு நானே ஊற்றினேன். முக்கால் டேங்கோடு நிறுத்தினேன். துணியால் துடைத்து, மூடியை இறுக்கி, மிஷினைப் பத்தடி தள்ளித் தூக்கிக்கொண்டுபோய் வைத்தேன். அரியலூர்க் கடைக்காரர் சொன்னது ஒன்று விடாமல் ஞாபகம் இருந்தது. பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தபோதும் காதில் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அவன் கயிற்றை ஏழு தடவை இழுத்தான், பிடித்துக்கொண்டது. ஏழு தடவைதான்.

மூன்றாம் நாள் மகள் வந்தாள். பெரம்பலூரிலிருந்து காலை பஸ்ஸில் கிளம்பி, அரியலூரில் மாறி வந்திருக்கிறாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"நெசமாப்பா?"

"ஆமா பாப்பா."

"முழுசா சொல்லுங்க."

சொன்னேன். இங்கே எழுதியிருப்பதுபோல வரிசையாக வரவில்லை. முன்னும் பின்னுமாக வந்தது. கிளிப்பைக் கழற்றியதைச் சொன்னேன். நிம்மதியாக இருந்ததையும் சொன்னேன். நடுவில் அழுதேன். அவள் அழவில்லை, என்னை நிறுத்தவும் இல்லை. முடித்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அம்மா எத்தன வாட்டி ஆஃப் பண்ணச் சொல்லுச்சு?"

"எப்பவும் சொல்லுவா பாப்பா. ஒவ்வொரு டேங்குக்கும் சொல்லுவா."

"அந்த அம்மாவைத்தான் நான் ஒரு வருஷமா திட்டிக்கிட்டிருந்தேன். சொன்னதக் கேக்கலன்னு. உங்களுக்குச் சோறு போட்டுக்கிட்டே திட்டுனேன். நீங்க தின்னுக்கிட்டே கேட்டீங்க."

 காலில் விழலாம் போல இருந்தது. மகள் காலில் விழுகிற அப்பனைப் பார்த்து அவள் என்ன செய்வாள், அதையும் அவள் தலையில் கட்ட வேண்டுமா என்று நின்றுவிட்டேன். அவள் வாசல்படியில் உட்கார்ந்தாள். தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அப்பாவைப் பாத்துக்கன்னு அம்மா எங்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்கு. அதனால பாத்துக்குவேன். வருவேன், போவேன். எங்கூட பேசணும்னு மட்டும் நெனைக்காதீங்க."

சொன்னபடி செய்கிறாள். மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். வீட்டைக் கூட்டுகிறாள், துணி துவைத்துப் போடுகிறாள், இடுப்புப் புண் ஆறின இடத்தில் போட மருந்து வாங்கி வந்து ஜன்னலில் வைக்கிறாள். மச்சான் வருவதில்லை, அவரை நான் எதிர்பார்க்கவும் இல்லை. போன ஞாயிறு கத்திரிக்காய்க் குழம்பு வைத்தாள், அவள் அம்மா வைக்கிற பக்குவத்தில். தட்டை என் முன்னால் வைத்தாள், தண்ணீர் வைத்தாள். குழம்பில் உப்பே இல்லை. போட மறந்திருக்கிறாள். சொன்னால் எடுத்து வந்து வைப்பாள், வைத்துவிட்டு அப்போதாவது ஒரு வார்த்தை வராதா என்று நினைத்தேன். "பாப்பா, உப்பு" என்றேன். உப்பு டப்பாவைக் கொண்டுவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.